நான் சாக்பீஸால் மறைத்த தவறு

கண்ணு,

நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன புதிதில் பருப்புப்பொடி டப்பாவுக்குள் ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை. இப்போது எதற்கு நாலு தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்லிப் பார்க்கலாம் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். நேரிலும் அதே கதைதான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, உன் ஆபீஸில் சோதித்துப் பார்க்கிற எஸ்தரை இந்த மாதத்தோடு வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னாய். உன் முகம் வாடித்தான் இருந்தது, சந்தோஷமாக ஒன்றும் நீ சொல்லவில்லை. அந்த நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன். 

இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நீங்கள் ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்து, இந்த இரண்டு வாரத்தில் எது நன்றாகப் போனது, எது சொதப்பியது என்று பேசுகிறீர்களே, அங்கே இதை நீ உரக்கப் படிக்க வேண்டும். அதனால்தான் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து சொல்கிறேன். உன் ஆபீஸில் சேர்ந்த புதுப் பிள்ளைகளுக்கு என்னை 'அண்ணாவோட அம்மா' என்றுதான் தெரியும். டெமோ நாளில் முறுக்கு டப்பாவோடு வந்து நாற்காலியில் உட்காருகிற அம்மா. அந்த அம்மா என்ன செய்து வைத்தாள் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

நான் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறேன். வண்டிகளுக்கான தகட்டுச் சாமான்களை மெஷினில் அழுத்தி வெட்டுகிற கம்பெனி. ஆபரேட்டராகச் சேர்ந்தேன், இப்போது முதல் ஷிப்ட் இன்சார்ஜ். இந்த மாதக் கடைசியில் ரிடையர் ஆகிறேன். காலை ஆறு மணிக்கு எந்த மெஷினில் யார் உட்காருவது என்று சொல்வதுதான் என் முதல் வேலை. பிரஸ் மெஷின் விளையாட்டுச் சாமான் இல்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாகப் பயிற்சி கொடுத்து, கையெழுத்து வாங்கின பிறகுதான் ஆளை உட்கார வைப்போம். மூன்று மாதம் அந்த மெஷினை விட்டு விலகி இருந்தால் பழைய கையெழுத்து செல்லாது, திரும்பவும் அரை நாள் பயிற்சி. அத்தனை பேருடைய கணக்கையும் என் தலையிலும் ஒரு கரும்பலகையிலும் வைத்துக்கொண்டிருந்தேன். நீ ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கம் பெயின்ட் கடை மாடியில் நாலு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இந்தக் கணக்கைத்தான் முதல் சாப்ட்வேராகச் செய்தாய். யாருக்கு எந்த மெஷின் என்று ஷாப்பில் மாட்டிய டிவியில் வரும். பயிற்சி செல்லுபடியாகும் ஆளுக்குப் பச்சை, ஆகாத ஆளுக்குச் சிவப்பு. எங்கள் மேனேஜரிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டு அந்த ஆர்டரை வாங்கிக் கொடுத்தவள் நான்தான்.

உன் நைனாவுக்கு அதில் இஷ்டமில்லை. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனுஷன், எதையும் எடை போட்டுத்தான் பேசுவார். சொந்தக்காரன் வாங்குகிற சரக்கில் சொத்தை இருந்தால் யார் சொல்வது என்று அன்றைக்கே கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளை முன்னுக்கு வருவது பிடிக்கவில்லையா என்று சண்டைக்குப் போனேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது அப்படியே நடந்தது, அதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

உங்கள் வேலை முறையை நீ எனக்கு ஆசையாக விளக்கினாய். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து காட்டுவோம், பார்க்கிறவர் தப்பைச் சொன்னால் உடனே திருத்துவோம், வருஷக்கணக்கில் மூடி வைத்துச் செய்து கடைசியில் கவிழ மாட்டோம் என்றாய். நல்ல முறைதான், இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. வந்து உட்கார்ந்து, பார்த்து, இது சரியில்லை என்று சொல்ல வேண்டிய நாற்காலி. அதில் நீ என்னை உட்கார வைத்தாய். தினமும் அந்த வேலையைச் செய்கிறவள் நான்தானே என்று நீ நினைத்தது நியாயம். நானும் கவரப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து, விசேஷத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். நீ திரையைக் காட்டிப் பேசும்போது உன் பேச்சை எங்கே கேட்டேன்? உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு எப்படிம்மா இருக்கிறது என்று கேட்பாய். நன்றாக இருக்கிறது என்பேன். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்கிற பதில் அது.

டிவி மாட்டி இரண்டாவது வாரமே தப்பு தெரிந்துவிட்டது. பாக்டரி என்றால் ஆட்களை பேக்கிங்குக்கு அனுப்புவோம், இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புவோம், நாலைந்து மாதம் கழித்து பிரஸ்ஸுக்கே திரும்பக் கூப்பிடுவோம். அப்படித் திரும்பி வருகிறவர்களுக்கு உன் சாப்ட்வேர் பழைய பச்சையைத் தூக்கிக் காட்டியது. மூன்று மாதம் தாண்டிவிட்டது, திரும்பப் பயிற்சி வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்குச் சாயந்திரமே உனக்குப் போன் செய்யத்தான் எடுத்தேன். அன்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் 'மேடம் பையன் செஞ்ச சாப்ட்வேர்' என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குக் காட்டிப் பெருமையாகப் பேசியிருந்தார். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? கழற்றிப் போடச் சொன்ன பழைய கரும்பலகையைத் தூண் ஓரமாகத் திரும்பவும் மாட்டினேன். டிவியில் தப்பாக வருகிற பெயரைப் பார்த்து, பலகையில் சாக்பீஸால் சரியான பெயரை எழுதிவிடுவேன். எங்கள் பெண்கள் லேசுப்பட்டவர்களா? ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றால், "அது ஆடிட்டருக்குடி, நீ அக்கா போர்டப் பாரு" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கம்ப்யூட்டர் ரெக்கார்டில் ஒரு பெயர், மெஷினில் வேறொரு பெயர். ஒரு வருஷம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அதையும் பிள்ளைமேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது நான் புத்தி தெரியாமல் செய்த தப்பும் இல்லை. ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் வருஷமே இதற்கான பாடம் கிடைத்திருந்தது. மணிக்கு ஒரு தடவை ஐந்து பீஸ் எடுத்து அளந்து, தாளில் எழுத வேண்டும். நாங்கள் அளப்பதே இல்லை. டீ நேரத்தில் உட்கார்ந்து எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் நிரப்பிவிடுவோம். ஒரு சமயம் ஒரு நாள் சரக்கு முழுவதும் திரும்பி வந்துவிட்டது, ஓட்டை இடம் மாறி விழுந்திருந்தது. அப்போது இருந்த இன்சார்ஜ் திட்டவில்லை. எந்த மணியில் அது மாற ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டார். தாளைப் பார்த்தால் எட்டு மணி நேரமும் சரியாக இருக்கிறது.  நல்ல பீஸையும் கெட்ட பீஸையும் பிரிக்க வழியில்லாமல் எல்லாவற்றையும் ஸ்கிராப்பில் கொட்டினோம். தப்பு நடந்ததை விட, அது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாமல் நின்றதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. இனி அளக்காமல் எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன், இருபது வருஷத்துக்கு மேல் அதைக் காப்பாற்றவும் செய்தேன். பெற்ற பிள்ளை விஷயம் என்று வந்ததும் காற்றில் விட்டுவிட்டேன்.

இப்போது எஸ்தர் விஷயத்துக்கு வருகிறேன். அவளுடைய அப்பா எங்கள் எஸ்டேட்டில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தவர், அதனால் அவளுக்கு பாக்டரி என்றால் என்ன என்று தெரியும். உங்கள் ஆபீஸில் ஐந்து பேர் எழுதுகிற புரோகிராமை அவள் ஒருத்தி சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் சுவரில் கலர் சீட்டுகளை மூன்று வரிசையாக ஒட்டி வைத்திருப்பீர்களே, செய்ய வேண்டியது, சோதிக்க வேண்டியது, முடிந்தது என்று. பஸ் கிடைக்காதோ என்று பயந்து நான் முதல் நாளே வந்துவிட்ட ஒரு வியாழக்கிழமை, நடு வரிசையில் சீட்டு நெருக்கி ஒட்டியிருந்தது. மறுநாள் டெமோ. நீ டீயைக் குடித்துக்கொண்டே வந்து, அதிலிருந்து ஐந்தாறு சீட்டைப் பிய்த்து 'முடிந்தது' வரிசையில் ஒட்டினாய். எஸ்தர் ஏதோ சொல்ல வந்தாள். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றாய். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னாய். உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? அந்தப் பக்கம் கஸ்டமர் எப்போது எப்போது என்று நெருக்குகிறார், இந்தப் பக்கம் ஆறு பேர் உன்னை நம்பி இருக்கிறார்கள். ஆனால் நான் பார்த்தது டீ நேரத்தில் நிரப்புகிற அந்தத் தாளைத்தான். பார்த்தேன், உடனே புரிந்தது, முறுக்கு டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினேன்.

அன்றைக்கு அவள் என் பின்னாலேயே மாடிப்படி வரைக்கும் வந்தாள். நீ பிய்த்து மாற்றியதில் ஒரு சீட்டு, பிரிவு மாறித் திரும்பி வருகிறவர்களைப் பற்றியதாம். அவளுக்கு அதில் சந்தேகம் இருந்திருக்கிறது.

"ஆன்ட்டி, உங்க கம்பெனில டிபார்ட்மென்ட் மாறிட்டு திரும்பி வந்தவங்க லிஸ்ட்டு கெடைக்குமா? அத்த வெச்சி ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாத்துடறேன்."

"அதெல்லாம் ஒயுங்காத்தான் வருதும்மா. ஒரு பேஜாரும் இல்ல."

இப்படித்தான் சொன்னேன், கண்ணு. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் கேட்ட பட்டியல் அன்றைக்குக் காலையில்தான் என் கையால் பலகையில் எழுதப்பட்டிருந்தது. என் விரலில் சாக்பீஸ் தூள்கூட முழுதாகப் போயிருக்காது.  அவள் சரி ஆன்ட்டி என்று மேலே போய்விட்டாள். முதலாளியின் அம்மா சொல்லும்போது அந்தப் பெண் வேறென்ன செய்வாள்?

இரண்டாவது பாக்டரி உன் சாப்ட்வேரை வாங்கியபோது நான் தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டு வரும்போதே, அங்கே பலகை பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு கேள்வி மனசில் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்க்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அதை அப்படியே அமுக்கிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே யாரும் நிற்கவில்லை. சரளா என்கிற பெண் ஐந்து மாதம் பேக்கிங்கில் இருந்துவிட்டு பிரஸ்ஸுக்குத் திரும்பினாள். அதற்குள் அவளுடைய மெஷினில் தகட்டை வெட்டுகிற அச்சையே மாற்றியிருந்தார்கள். டிவியில் பச்சை வந்தது. இன்சார்ஜும் பச்சையைப் பார்த்துத்தான் உட்கார வைத்தார். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரலில் நுனிக்கணு போய்விட்டது.

நீ ஆஸ்பத்திரிக்கு ஓடினாய், அவர்கள் பேசியதையெல்லாம் தலை குனிந்து கேட்டுக்கொண்டாய். அதை நினைத்தால் உன்மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. தப்பையும் கண்டுபிடித்து ஒரே மத்தியானத்தில் திருத்திவிட்டீர்கள். ஒரே மத்தியானம். நான் ஒரு போன் செய்திருந்தால் அந்த மத்தியானம் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்கும். நீ எஸ்தரைக் கூப்பிட்டு, இதை ஏன் சோதிக்கவில்லை என்று கேட்டாயாம். கஸ்டமர் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார் என்று மட்டும் பதில் சொன்னாளாம். எந்தக் கஸ்டமர் என்று நீ கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதை நீ ஞாயிற்றுக்கிழமை குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னாய். 'சரியா பதில்கூடச் சொல்ல மாட்டேங்கறாம்மா' என்று குறைப்பட்டுக்கொண்டாய். உன் அம்மாவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை, கண்ணு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் உன் எதிரில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

நீ கிளம்பின பிறகு நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்றும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

"புள்ள மானத்தக் காப்பாத்தறேன்னு நென்ச்சிக்கினு, நீ அந்த எஸ்தர் பொண்ணு வயித்துல அடிச்சிக்கினு கீற. மொதல்ல போயி அந்த விரலு போன பொண்ணப் பாரு. அப்பாலதான் உனக்கு எய்த வரும்."

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து சரளா வீட்டுக்குப் போனேன். கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் யார், என்ன செய்தேன் என்று மறைக்காமல் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பச்ச காட்டுச்சிக்கா, அதான் குந்தினேன்" என்றாள், அவ்வளவுதான். பிறகு, உங்கள் கம்பெனியில் உங்கள் போர்டு இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டாள். ஆகவில்லை என்றேன். நல்லது என்றாள். 

செவ்வாய்க்கிழமை எங்கள் மேனேஜரிடமும் சொல்லிவிட்டேன்.  நான் பலகையில் மாற்றியதையெல்லாம் நினைவிருக்கிற வரைக்கும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எனக்கு வைக்கிறதாக இருந்த பிரிவு விழாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. உன் சாப்ட்வேரில் திருத்தாத தப்பு ஒன்று இன்னமும் இருக்கிறது. உடம்பு சரியில்லாமல் லீவு போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு டாக்டர் லேசான வேலை மட்டும் என்று எழுதிக் கொடுப்பார். அந்தக் குறிப்பு லீவு முடிந்த அன்றைக்கு மறைந்துபோகிறது. அதையும் நான்தான் சாக்பீஸால் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குப் பிறகு நான் அங்கே இருக்க மாட்டேன். புதிதாக வருகிற இன்சார்ஜ் டிவியை நம்புவார். மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த பட்டியலின் இன்னொரு பிரதியை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அதை எஸ்தர் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்காதே. எதை எப்படிப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். அன்றைக்கே கேட்டவள் அவள்தானே.

உனக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிற தகுதி எனக்கு இல்லை, அதுவும் இத்தனைக்கும் பிறகு. ஆனாலும் அம்மாவாகச் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன்னை நேசிக்கிறவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதே. நான் மட்டுமில்லை, உன் சிநேகிதர்களும்தான், உன்னிடம் வேலை எதிர்பார்த்து நிற்கிறவர்களும்தான். உன் முகம் வாடினால் வாடட்டும் என்று இருக்கிற ஒரு முசுட்டு இன்சார்ஜைப் பிடித்துக்கொண்டு வா. அவரும் வெள்ளிக்கிழமை ஏ.சி.யில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. நீயும் உன் ஆட்களும் மாதத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு பாக்டரியில் வந்து நில்லுங்கள். எதைப் பார்த்து ஆட்கள் மெஷினுக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் டிவி பக்கத்தில் ஒரு கரும்பலகையோ, ஒட்டின சீட்டோ, யாராவது சட்டைப்பையில் வைத்திருக்கிற தாளோ கண்ணில் பட்டால், அங்கே உங்கள் தப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வருஷத்தில் ஒரு காலை நீ வந்திருந்தால் என் பலகை உன் கண்ணில் பட்டிருக்கும். நீ வருகிறேன் என்றபோதெல்லாம், எதற்குக் கண்ணு இவ்வளவு தூரம் என்று தடுத்தவளும் நான்தான்.

எங்கள் ஷாப்பில் நேற்றுச் சேர்ந்த பெண்ணும் சிவப்பு பட்டனை அடித்து மெஷினை நிறுத்தலாம். ஏன் நிறுத்தினாய் என்று பிறகுதான் கேட்போம், நிறுத்தலாமா என்று முன்னால் கேட்க வேண்டியதில்லை. எஸ்தருக்கு அப்படி ஒரு பட்டன் உன் ஆபீஸில் இல்லை. அவள் சரி என்று சொல்லாத சீட்டை வேறு யாரும் நகர்த்தக் கூடாது, நீயும்தான் நகர்த்தக் கூடாது. அதனால் டெமோவில் காட்ட ஒன்றுமே இல்லாமல் போனால், இன்றைக்கு ஒன்றும் முடியவில்லை என்று நில்லு. மானம் போகாது. பெரிய கம்பெனிகளில் இருக்கிற மாதிரி தடித் தடியாகப் புத்தகமும் சுவரில் சர்டிபிகேட்டும் ஏழு பேருக்கு எதற்கு? அளந்த பிறகு எழுது என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். அவளுக்குத் துணையாக இன்னொருவரைப் போட இப்போது முடியாது என்றால், எழுதுகிறவர்களே வாரத்தில் ஒரு நாள் அவளோடு உட்கார்ந்து, அடுத்தவர் எழுதியதைச் சோதிக்கட்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாததா? தெரிந்ததைச் செய்ய விடாமல் நாள் ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்குப் புரிகிறது.

நீ கெட்டவன் இல்லை. விரல் போனவளுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று உனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. கையில் கிடைத்த பதில் எஸ்தர். அவள் போய்விட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று உனக்கும் தோன்றும், அந்த பாக்டரிக்காரர்களுக்கும் தோன்றும். மிச்சம் இருக்கிற ஐந்து பேருக்கு ஒன்று மட்டும் புரிந்துவிடும், இங்கே சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று. அதற்குப் பிறகு உன் சுவரில் எல்லாச் சீட்டும் 'முடிந்தது' வரிசையில்தான் இருக்கும்.

இதை நீ படிக்காமல் உள்ளே வைத்துவிடுவாயோ என்று ஒரு பக்கம் பயமாகவும் இருக்கிறது. அம்மா பெயர் கெட்டுவிடுமே என்று நீ யோசிப்பாய், என் பிள்ளைதானே, என் புத்திதானே உனக்கும் இருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே பெர்மிஷன் போட்டுவிட்டு, நைனாவோடு பைக்கில் வருகிறேன். எனக்கு நாற்காலி போட வேண்டாம். ஏழு பேர் முன்னாலும் நின்று எஸ்தரைப் பார்த்து, நீ கேட்டபோது நான் பொய் சொன்னேனம்மா என்று சொல்லப் போகிறேன். அவள் என்னைக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கட்டும். நான் சொல்லி முடித்த பிறகும் அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அந்த வார்த்தையை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவளை அனுப்பு.

அம்மா